ஆலாங்காட்டுப் பிரிவு டைம்கீப்பர்

"ஏழு பன்னண்டு ஆச்சுங்க டிரைவரே. எடுக்கறீங்களா, இல்ல ஊருக்குள்ள போயி ஆளுகளத் தூக்கிட்டு வரட்டுமுங்களா?" கேட்டு முடிப்பதற்குள் டைம்கீப்பர் நாச்சிமுத்து விசிலையும் ஊதிவிடுகிறார். பஸ் முனகிக்கொண்டே கிளம்புகிறது.

பொங்கலூர் தாண்டி, தாராபுரம் சாலையில் இருக்கிறது ஆலாங்காட்டுப் பிரிவு. ஒரு காலத்தில் பருத்தி வண்டிகள் இங்கே வந்துதான் திசை பிரிந்தன. பிறகு நாளுக்கு இரண்டு பஸ் வந்தது. பனியன் கம்பெனிகள் பெருகிப்போன இந்த 2004இல், காலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தனியார் பஸ் திருப்பூருக்குப் போகிறது. ஆள் பிடிக்கிற போட்டியில் டிரைவர்கள் சட்டையைப் பிடித்து உருண்ட காலமும் உண்டு. கடைசியில் அவர்களே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். தாமதமாக வந்து அடுத்த வண்டியின் நேரத்தைத் தின்கிற பஸ், பிரிவில் ஆளை இறக்கலாம், ஏற்றக் கூடாது.

அந்தத் தீர்ப்பைச் சொல்கிறவர் நாச்சிமுத்து. அவருக்குச் சம்பளம் கொடுப்பது சிவசுப்பிரமணியம் என்ற ஒரே பஸ் முதலாளி. நாச்சிமுத்துவின் சொல்லுக்குக் கட்டுப்படுவதோ பதினெட்டு வண்டிகள்! டீயைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பார். "உக்காந்தா ஒரு நிமிசம் போயிருமுங்க." மணி கேட்டால் ஏழரை என்று சொல்ல மாட்டார். "ஏழு முப்பத்தொண்ணுங்க" என்பார். கேட்டவருக்குத்தான் அவமானமாக இருக்கும்.

போன மாதம் முதலாளியின் பஸ்ஸையே இரண்டு முறை ஆள் ஏற்றவிடாமல் வெறுமனே அனுப்பிவிட்டார். முதலாளி கூப்பிட்டுச் சொன்னாராம்: "இன்னொருக்கா என்ற வண்டிய அப்படி அனுப்புனீங்கன்னா, நீங்களும் அதுலயே ஏறி ஊட்டுக்குப் போயிருங்க."

நேற்று நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதே அது நடந்தது. ஏழு நாற்பதுக்கு வரவேண்டிய முதலாளியின் பஸ், ஏழு நாற்பத்து நாலுக்கு வந்து நின்றது. முன் சீட்டில் முதலாளியே உட்கார்ந்திருந்தார். பின்னால் அடுத்த வண்டி வந்து ஹாரன் அடித்தது. வேலைக்குப் போக ஐம்பது பேர் காத்து நின்றார்கள்.

"நாலு நிமிசமுங்க, மொதலாளி," என்றார் நாச்சிமுத்து.

அதற்குள் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகும் நாச்சிமுத்துவின் மனைவி மயிலாள், படியில் ஒரு காலை வைத்துவிட்டார். "நம்ம மொதலாளி வண்டிதானுங்க?"

நாச்சிமுத்து மனைவியின் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்டு, போலாமுங்க!"