கைஸ்லா யாருடைய பெயர்?

பின்லாந்தின் ஈசல்மி வட்டாரத்தில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் லாரியை ஓட்டினாள் தூலிக்கி. சனிக்கிழமையானால் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவளும் மூன்று நண்பர்களும் நடத்திய இசைக்குழுவுக்குக் கைஸ்லா என்று பெயர். நாணல் என்று பொருள். ஏரிக்கரை நடனக் கொட்டகைகளில் அந்தப் பெயருக்கே கூட்டம் சேரும்.

நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடு செய்துவந்த ரைமோவோடு ஒரு வசந்தத்தில் மனக்கசப்பு வந்து, அவனைக் குழு விலக்கியது. அவன் சும்மா இருக்கவில்லை. கைஸ்லா என்ற பெயரைத் தன் வணிகச்சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்துவிட்டு, வேறு நான்கு பேரைப் பிடித்து அதே பெயரில் மேடையேற்றினான்.

"இனிமே அந்தப் பேர்ல வாசிச்சா கேஸ் போடுவேன். வேணும்னா பால்காரி பேண்டுன்னு வெச்சுக்கோ!" என்று போனில் சிரித்தான்.

தூலிக்கி போனை வைத்தாள். குழுவில் அக்கார்டியன் வாசிக்கும் ஓஸ்மோவை அழைத்துக்கொண்டு குவோப்பியோ நகரில் ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தாள்.

"ஓஸ்மோ எழுதின பாட்டெல்லாம் எழுதின நிமிஷமே அவரோடதுதான். அதுக்குப் பதிவு வேண்டாம். பேரு விஷயம் வேற. அதைப் பதிவு பண்ணாம அப்படியே விட்டுட்டீங்க" என்றார் வக்கீல். "ஆனா இந்தப் பேரச் சொன்னா ஜனங்களுக்கு உங்க ஞாபகம்தான் வருதுன்னு காட்டிட்டா, அவர் விண்ணப்பத்தை எதிர்க்கலாம்."

"ஜனங்க ஞாபகத்த எப்படிங்க காட்டறது?"

மறுநாள் ஹெல்வியின் பண்ணையில் லாரியின் பால் குழாயை மாட்டும்போதே தூலிக்கி உடைந்து அழுதுவிட்டாள். ஹெல்வி நடனம் என்றால் சோறு தண்ணீர் மறப்பவள்.

"ஏண்டி, இதுக்குப் போயா அழற? போன வாரம் அந்தப் போலிப் பசங்க வாசிக்க வந்தாங்களே, என்ன ஆச்சு தெரியுமா? ஒரு பாட்டு கேட்டோம். யாருடா இவனுங்கன்னு எல்லாரும் சுவரோரமாப் போய் நின்னுட்டோம். ஒரு கால் அசையல!"

"எங்களுக்காகவா?"

"உங்களுக்காக என்னடி, எங்களுக்காகத்தான். கைஸ்லான்னு டிக்கெட் வாங்கிட்டு எவனோ வாசிச்சா ஆடுவோமா?"

தூலிக்கி இதைப் போய்ச் சொன்னதும் வக்கீல், "இதத்தாங்க நான் தேடினேன்" என்றார். அன்று முதல் ஹெல்வியின் போன் ஓயவில்லை. தூலிக்கி பால் எடுக்கப் போன இடமெல்லாம் யாராவது காத்திருந்தார்கள். ஒருவர் பழைய சுவரொட்டியைச் சுருட்டிக் கொடுத்தார். இன்னொருவர் தன் கல்யாணப் படத்தையே சட்டத்திலிருந்து கழற்றித் தந்தார். அதில் மணமக்களுக்குப் பின்னால் டிரம்ஸ் மேல் கைஸ்லா என்று பளிச்சென்று தெரிந்தது. கொட்டகையில் நடந்ததைப் பலர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். காபியும் இனிப்பு பன்னும் தராமல் ஒருவரும் அவளை அனுப்பவில்லை.

ரைமோவின் விண்ணப்பம் தள்ளுபடியானது. பெயர் நால்வருக்கும் பொதுவாகப் பதிவானது.

அடுத்த சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. அதுவரை மேடையில் வாய் திறக்காத தூலிக்கி மைக்கைக் கையில் எடுத்தாள்.

"நீங்கல்லாம் இல்லேன்னா நாங்க..." அதற்கு மேல் வரவில்லை. எதிரே எல்லாம் அவளுக்குத் தெரிந்த முகங்கள்.

"அழுது முடிச்சாச்சா? ஆடக் காலு துடிக்குது, அடிடி!" என்று கூட்டத்திலிருந்து கத்தினாள் ஹெல்வி.

தூலிக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். குச்சிகளைக் கையில் எடுத்தாள்.