உப்புச் சாக்கில் சோளம்

என் கோழிகளுக்குக் கழிச்சல் வந்திருந்த நாட்களில், வீட்டுக்கு வந்த எவருக்கும் நான் நல்ல முகம் காட்டவில்லை. நாற்பது முட்டைக்கோழிகள் வைத்திருந்தேன். தொண்ணூறாம் ஆண்டில் ஆயுதக்காரர்கள் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னதால் மன்னாரை விட்டு வந்து, அகதி முகாமில் இருந்து, பிறகு தில்லையடியில் குடியேறியவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்த பிறகு, சொந்தக்காரர்கள் திரும்பிப் போவதா இருப்பதா என்று கதைத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் வீட்டின் பின்வளவில் கம்பிவலை அடித்துக் கோழி வளர்க்கத் தொடங்கினேன். என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள அந்தக் கோழிகளைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

மழை தொடங்கிய மாதத்தில் எச்சம் தண்ணீராகப் போனது. தின்ற சோளம் செரிக்காமல் துணிக்கை துணிக்கையாக அதில் கிடந்தது. பிறகு முட்டை ஓடு மெலிந்தது, அதற்குப் பிறகு முட்டையே நின்றது, ஒன்றிரண்டாகச் சாகவும் தொடங்கின. என் கணவரின் உம்மாவான மாமி, கண்ணூறு என்று சொல்லிச் செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். கோழிகளும் நானும் தும்மியதுதான் மிச்சம். கடையில் கழிச்சல் மருந்து வாங்கித் தண்ணீரில் கலக்கினேன். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் மறுபடியும் தொடங்கும்.

என் கணவருக்கு உப்பளத்தில் வேலை. அதிகம் கதைக்க மாட்டார். வாயைத் திறந்தால் முடிவைத்தான் சொல்வார்.

"பாலாவியில சாப்பாட்டுக் கடைக்காரர்ட்ட சொல்லிட்டன். வாற கிழமை விட்டு மற்ற வெள்ளி வந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போவார்."

"என்ட கோழிய நீங்க எப்பிடிக் குடுப்பீங்க?"

"எங்கட கோழிதானே," என்றார்.

அன்றைக்கு நான் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் செத்துக் கிடந்த ஒரு கோழியைப் பையில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரின் கந்தோருக்குப் போனேன். வைத்தியர் சிங்களப் பெண், வேலைக்கு வந்த இடத்தில் தமிழ் பழகியவர். சீமெந்து மேசையில் கோழியைக் கிடத்தி வயிற்றைப் பிளந்து, குடலை வெளியே எடுத்து, கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டித் திறந்தார்.

"நல்ல குடல் உள்ளுக்குத் தலை துவட்டுற துவாய் மாதிரி இருக்கும், அக்கா. சின்னச் சின்ன நூல் எழும்பி நிக்கும். அந்த நூல்தான் சாப்பாட்ட உறிஞ்சி எடுக்கிறது. இதப் பாருங்க."

பார்த்தேன். துவைத்துத் துவைத்துத் தேய்ந்துபோன துவாய்தான் அது. அங்கங்கே சிவந்தும் இருந்தது.

நான் கொண்டுபோயிருந்த ஒரு பிடி சோளத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, பூஞ்சணம் என்றார். பூஞ்சணம் ஒருவித நஞ்சை விடுமாம். குடலின் உள்தோலில் பழையது உதிர்ந்து புதியது வளர்ந்துகொண்டே இருக்குமாம். நஞ்சு அந்தப் புதியதை வளர விடாதாம். தோல் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கிற இடங்களும் அதனால் தளர்ந்துபோக, கிருமிகள் உள்ளே நுழைந்துவிடுமாம். நான் கொடுத்த மருந்து கிருமியைக் கொன்றது, ஆனால் கிருமி வந்த வழியை அடைக்கவில்லை.

"நான் சோளத்தக் கழுவி, வெயில்ல காய வச்சுத்தானே போடுறன்," என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"கழுவினா பூஞ்சணம் போகும். அது விட்ட நஞ்சு போகாது. அவிச்சாலும் போகாது."

கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். ஒழுகவில்லை. சாக்கு நிலத்தில் கிடக்கிறதா என்று கேட்டார். பலகைமேல்தான் வைத்திருந்தேன். "அப்ப ஈரம் எங்க இருந்து வருது?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று வீட்டுக்கு வந்தேன்.

சோளச் சாக்குக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டேன். நடுவில் நல்ல சோளம், மணி மணியாக உருண்டது. ஓரத்தில், சாக்கோடு ஒட்டியிருந்த சோளம்தான் கட்டியாகிப் பச்சை பிடித்திருந்தது. மூன்று சாக்கிலும் அப்படியே. மேலேயிருந்தோ கீழேயிருந்தோ ஈரம் வரவில்லை, சாக்கிலிருந்துதான் வந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அவை உப்புச் சாக்குகள். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு எல்லோரும் தானியத்தை உப்புச் சாக்கில்தான் போட்டு வைப்பார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு சாக்குக்கு எங்கே போவது? அதோடு ஒரு கணக்கும் இருந்தது. கருவாட்டைக் காப்பாற்றுகிற உப்பு சோளத்தைக் காப்பாற்றாதா? உப்புப் போய்விடுமே என்று நான் அந்தச் சாக்குகளைக் கழுவக்கூட இல்லை. என் புத்தியை என்னவென்று சொல்ல!

வெறும் உப்புச் சாக்கு ஒன்றையும், கடையில் கேட்டு வாங்கிய கோதுமை மாச்சாக்கு ஒன்றையும் எடுத்து, மதிய வெயிலில் இரண்டும் முறுகும் வரை காய வைத்தேன். பிறகு மழை படாத கூரைத் தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன். மறுநாள் விடிய, சுபஹு தொழுதுவிட்டு வந்து தொட்டுப் பார்த்தேன். மாச்சாக்கு காய்ந்து கிடந்தது. உப்புச் சாக்கு பிழியலாம் போல நனைந்திருந்தது.

வேலைக்குப் புறப்பட்ட கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"ரெண்டையும் தொட்டுப் பாருங்க."

தொட்டார். மாறி மாறி இரண்டு தடவை தொட்டார்.

"உப்பளத்தில உப்புக் குவியலுக்கு ஏன் தென்னங்கிடுகு போட்டு மூடுறீங்க?"

"காத்துப் பட்டா ஈரத்த இழுத்துரும்..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கவே இல்லை. வைத்தியருக்கும் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்திருந்தேன்.

எந்த மணியில் நஞ்சு இருக்கிறது என்று பிரிக்க முடியாததால் சோளம் முழுவதையும் புதைக்க வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தானியத்த மண்ணுல கொட்டினா வீட்டுல பறக்கத் இருக்காது, ஒண்டும் பெருகாது," என்று மாமி வாசலில் வந்து நின்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. முகாமில் இருந்த காலத்தில் கட்டிபட்ட மாவையும் மக்கல் மணக்கிற அரிசியையும் கழுவித்தான் தின்றோம். வயிறு சரியில்லாத பிள்ளைகள் முகாமில் நிறையப் பேர் இருந்தார்கள். காரணம் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் மண்வெட்டியைப் பிடித்தபோது அந்த அரிசியின் மணம் என் மூக்கில் ஏறியது உண்மை. மாமி பார்த்துக்கொண்டு நிற்க, இடுப்பளவு குழி வெட்டி மூன்று சாக்கையும் கொட்டி மூடினேன்.

அதற்குப் பிறகு குறுணல் அரிசியும் தவிடும் கருவாட்டுத் தூளும் நாலைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூடி போட்ட வாளியில் வைத்துக் கொடுத்தேன். நஞ்சு உள்ளே போவது நின்றால் குடல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். முதல் மூன்று நாளில் இன்னும் இரண்டு செத்தன. ஆறாம் நாள் எச்சம் இறுகியது. கோழி எச்சத்தைப் பார்க்க வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டவள் இந்த ஒழுங்கையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாமிகூடக் குனிந்து பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். கொண்டைகள் சிவந்தன. தீனி வாளியைத் தூக்கினாலே காலைச் சுற்றி வந்து மொய்த்தன.

கடைக்காரர் வருவதாக இருந்த வெள்ளிக்கிழமை விடிய, கூட்டில் நான்கு முட்டைகள் கிடந்தன. ஓடு கெட்டியாக இருந்தது. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பும்போதே முச்சக்கரவண்டிச் சத்தம் கேட்டது. பின்னால் கூடைகள் அடுக்கியிருந்தன.

"நானா, கோழிய ஏத்துவமா?" என்று என் கணவரை அண்ணன் முறையில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே கடைக்காரர் இறங்கினார்.

கணவர் என்னைப் பார்த்தார். இரண்டு கிழமையாக அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

"அது என்ட கோழி இல்ல," என்றார். "அவட கோழி. அவட்ட கேளுங்க."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"குடுக்கிற இல்ல," என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

அவர் சிரித்துவிட்டுக் கூடைகளோடு திரும்பிப் போனார். நான் அந்த இடத்திலேயே முட்டைகளோடு நின்றேன். மன்னாரை விட்டு வரும்போது, வழியில் ஆயுதத்தோடு நின்று கேட்டவர்களிடம் காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். ஒருவர் என் வாசலுக்கு வந்து கேட்க, தர மாட்டேன் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னேன்.