மோவாய் இல்லாத செல்மோ

எதெல்வினாவின் புருஷன் செத்துவிட்டானா இல்லையா என்பதுதான் அந்த மலையடிவார ஊரில் தீராத பஞ்சாயத்து.

உள்நாட்டுப் போரில் அஸ்தூரியாஸ் மாகாணம் எதிரிப் படையிடம் விழுந்த இலையுதிர் காலத்தில், தோற்ற பக்கத்தில் நின்ற அவள் புருஷன் செல்மோ ஊருக்கு மேலே இருக்கும் குகையில் போய் ஒளிந்துகொண்டான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத எதெல்வினா, புல் அறுக்கப் போகிறவள்போலக் கூடையின் அடியில் சோள ரொட்டியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுவாள். குகை வாசலில் உட்காரவைத்து அவனுக்குச் சவரமும் செய்துவிடுவாள். ஒருநாள் ராணுவம் வந்து குகைக்குள் கண்டபடி சுட்டுவிட்டுப் போனது. அடுத்த முறை அவள் போனபோது போர்வை மட்டும் கிடந்தது. பிரான்சுக்குத் தப்பிவிட்டான் என்றது பாதி ஊர். உள்ளே ஏதோ பள்ளத்தில் விழுந்து செத்தான் என்றது மீதி ஊர்.

எது உண்மையென்று தெரிந்திருந்தால் அவள் அழுது முடித்துவிட்டு வேறு வாழ்க்கை பார்த்திருப்பாள். பிணம் இல்லாமல் நீ விதவை இல்லை, விதவையாகாமல் மறுமணம் இல்லை என்று பாதிரியார் கையை விரித்துவிட்டார். கறுப்பு உடுத்தினால் மாமியார், "எம் புள்ளைய உசுரோட பொதைக்கிறியா?" என்பாள். வண்ணத்தில் உடுத்தினால் ஊர் வாயை மூட முடியாது. இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்திலேயே காலத்தைத் தள்ளினாள்.

பெலாயோ அவளைக் கேட்டது அந்தக் காலத்தில்தான். ஆப்பிள் பிழிந்து சாராயம் இறக்குகிறவன், நல்ல மனுஷன், நெற்றிமட்டும் கூரை இறவாரம் மாதிரி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். காத்திருக்கச் சொன்னாள், காத்திருந்தான். மாமியார் போய்ச் சேர்ந்தாள். காணாமல் போனவனைச் செத்தவனாக அறிவிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று வக்கீல் ஒருவர் சொன்னார். எதெல்வினா பேனாவைக் கையில் எடுத்தாள், கீழே வைத்துவிட்டாள்.

"நான் கையெழுத்துப் போட்டா, நானே அவரக் கொன்ன மாதிரி ஆயிடும் பெலாயோ."

ஆக, அவள் அவனுக்காகவும், இவன் அவளுக்காகவும் கிழடு தட்டிப்போனார்கள். இந்த அழகில் அவளை உத்தமி என்று மெச்சுவார்கள் ஊர்ப் பெண்கள். மெச்சிவிட்டு அவரவர் புருஷனோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படியே இருவருக்கும் வயது எழுபதைத் தாண்டியபின் ஒரு வசந்த காலத்தில், குகைகளில் ஊர்ந்து திரிவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் பட்டணத்து ஆட்கள் அந்தக் குகையின் உள் மடிப்பில் மனித எலும்பைக் கண்டெடுத்தார்கள். செல்மோ கிடைத்துவிட்டான் என்று ஊரே பேசியது. வேறு யாரை நினைப்பார்கள்? அந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளத்தைத் தோண்டினாலும் போரில் செத்தவன்தானே வருவான்.

போலீஸ் சார்ஜென்ட் ஒரு செருப்புப் பெட்டியோடு அவள் அடுப்படிக்கே வந்தார். அடுப்பில் பயறு கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் மண் அப்பிய கீழ்த்தாடை ஒன்று, பல்லோடு. அடையாளம் சொல்ல முடியுமா என்று தயங்கிக் கேட்டார்.

பார்த்த கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செல்மோவின் மோவாய் கூராக முன்னால் வந்து நடுவில் குழி விழுந்திருக்கும். கத்தி எப்போதும் அந்தக் குழியில்தான் சிக்கும். இந்த எலும்பில் மோவாயே இல்லை. பல்லுக்குக் கீழே அப்படியே பின்னால் சரிந்து போயிருந்தது. இது அவன் இல்லை.

"அவருதான்," என்றாள்.

மறுநாளே கறுப்புத் துணி வாங்கித் தைத்துக்கொண்டாள். துக்க உடையில் இத்தனை மலர்ச்சியான முகத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பெலாயோவோடு ஊர் பார்க்கக் கோவிலுக்கு நடந்தாள். பட்டணத்துப் பரிசோதனை முடிந்து எலும்பு திரும்பி வந்ததும் அடக்கம், அதன்பின் கல்யாணம் என்று பேசி வைத்தார்கள். இறப்புச் சான்றிதழுக்கும் ஏற்பாடாகிவிட்டது.

எலும்பு வரவில்லை. நூரியா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். குகையில் மேலும் மேலும் எலும்புகள் கிடைத்தன, குழந்தையின் எலும்பு உட்பட. மதுக்கடையில் ஊரைக் கூட்டி வைத்து அவள் விளக்கினாள். இது போர்க்காலத்து எலும்பு இல்லையாம். பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தியதாம். நியாண்டர்தால் என்ற வேறு வகை மனிதர்களாம், புருவத்து மேடு துருத்தி, மோவாய் இல்லாமல் இருப்பார்களாம்.

சொல்லி முடிக்குமுன் கடைக்காரன் பெலாயோவின் நெற்றியைக் காட்டி, "உங்க ஒண்ணுவிட்ட அண்ணந்தான் உள்ள கெடந்திருக்காரு போல," என்றான். கடை அதிர்ந்தது. நூரியாவும் சிரித்துவிட்டு, அதை வெறும் வேடிக்கை என்று தள்ள முடியாது என்றாள். நம் முன்னோர்கள் அவர்களோடு கலந்து பிள்ளை பெற்றார்கள் என்று ஒரு கட்சியும், அவர்கள் இடத்தைப் பிடுங்கி ஒழித்துக்கட்டினார்கள் என்று இன்னொரு கட்சியும் அடித்துக்கொள்கிறதாம். மொத்தமாக இல்லாமல் போனார்கள் என்பதில்மட்டும் சண்டை இல்லையாம்.

சார்ஜென்ட் எதெல்வினாவைத் தனியே அழைத்து, சான்றிதழ் இனிக் கிடைக்காது, செல்மோ மறுபடியும் காணாமல் போனவர்தான் என்று வருத்தத்தோடு சொன்னார். அவள் வீட்டுக்குப் போய்க் கறுப்பு உடையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

தேற்றலாம் என்று வந்த பெலாயோவிடம் அவளே உடைத்துச் சொன்னாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அது அவரு இல்ல."

அவன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"வெளிய வரணும்போல இருந்துச்சு."

இப்போது மட்டும் என்ன, அந்த வக்கீலிடமே போவோம், கையெழுத்துப் போடு என்றான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். வேறு யாரோ ஒருவனின் எலும்பைக் காட்டி அவரைச் சாகடிக்க முடிந்தது, வெறும் காகிதத்தால் முடியாது என்றாள். பெலாயோ தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். கோபம் அவள்மேலா, செல்மோமேலா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

சில நாள் கழித்து அவள் தடியை ஊன்றி மலையேறிக் குகைக்குப் போனாள். வாசலில் நூரியா சிறு எலும்புகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தாள். எதெல்வினா பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"ஏம்மா, இவங்களக் காணோம்னு யாராச்சும் தேடியிருப்பாங்களா?"

"உள்ள ஒரு குடும்பமே கெடக்குதும்மா. சொந்தக்காரங்க எங்கயாச்சும் இருந்திருக்கலாம். அதுக்கப்புறம் சில ஆயிரம் வருஷத்துல அந்த இனமே இல்லாமப் போச்சு. தேட ஆளே மிஞ்சல."

நூரியா வருத்தமாகத்தான் சொன்னாள். எதெல்வினா அந்த எலும்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொடுத்து வச்சவங்க," என்றாள்.