கீரையில் இல்லாத சத்து

தச்சநல்லூர் சந்தையில் கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சொன்னவர் பக்கத்துத் தெரு சண்முகம்.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில சோத்துக்குப் பொறுப்பா இருந்தாவள்லா, மும்தாஜம்மா, அவிய தவறிட்டாவ."

"சோத்துக்கு இல்ல வே, நோயாளிக்குப் பொறுப்பா இருந்தாவ" என்றேன். கண் கலங்கியபோதும் அதைத் திருத்தாமல் விட முடியவில்லை. உணவு ஆலோசகரைச் சமையல்கட்டோடு சேர்த்துப் பேசுகிறவர்களை அவர் மன்னித்திருப்பார். நான் மன்னிக்க மாட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் என் மனைவிக்குப் பாதம் மரத்து, நடை தள்ளாடியது. நாக்கு சிவந்து புண்ணானது. எங்கள் வீடு சைவம். அவளுக்குப் பாலும் மோரும் சிறுவயதிலிருந்தே ஆகாது. முதலில் பார்த்த டாக்டர், வயதானால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். மூலிகை நூல்களை நானே படித்துத் தேறியவன் நான். மணத்தக்காளியும் முருங்கையும் கொடுத்தேன். புண் சற்று ஆறியது, காலுக்கு உணர்வு திரும்பவில்லை. அவள் குளியலறையில் விழுந்த பிறகு பாளையங்கோட்டை மருத்துவமனையில் சேர்த்தேன்.

மும்தாஜம்மா எந்த நோயாளியிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலில் கேட்க மாட்டார். தூக்குச்சட்டியைத் திறந்து மிச்சத்தைப் பார்ப்பார். "வாய் நமக்குப் பிடிச்சதச் சொல்லும். மிச்சம் உள்ளதச் சொல்லும்" என்பார். அவருடன் பழகியவர்கள் இதைக் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் சட்டியைத் திறந்தவர் சிரித்துவிட்டார். "மதினியக் கீரையிலயே முக்கி எடுத்துட்டியளே அண்ணாச்சி!"

"கீரையில இல்லாத சத்து எது?"

"பி டுவெல்வ். அது கொறஞ்சா நரம்பு கெட்டுரும். இன்னும் தாமதிச்சா கால் திரும்பாமலே போயிரும்."

"கறி தின்னச் சொல்லப்போறியளாக்கும்?"

"ஒங்க அடுப்பு எனக்கு எதுக்கு? ரத்தத்தப் பாப்போம். கொறஞ்சிருந்தா ஊசி இருக்கு."

அவரே டாக்டரிடம் போய்ப் பேசிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். குறைவுதான். ஊசி தொடங்கியது. உணர்வு பையப் பையத் திரும்பியது.

வாய்ப்புண்ணை ஆற்றியது ஊசி என்பார் அவர். மணத்தக்காளி என்பேன் நான். பார்க்கும்போதெல்லாம் இந்தச் சண்டை. ஒருநாள், "சரி, வாய் ஒங்களுக்கு, கால் எனக்கு. பாகம் பிரிச்சாச்சு" என்றார். ஆனால் கீரையை நிறுத்தும்படி ஒருபோதும் சொன்னதில்லை.

செய்தி கேட்டுத் துக்கத்துக்குப் போனபோது, மேலப்பாளையத்தில் அவர் வீட்டுப் படிகளை என் மனைவி யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். ஏறிய பிறகுதான் அழுதாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. மூலிகை கேட்டு வருகிறவர்களிடம், கால் மரக்கிறதா என்று இப்போது கேட்கிறேன். ஆம் என்றால் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். வாய்ப்புண் விஷயத்தில் மட்டும் என் கட்சி மாறவில்லை. அதை மறுத்துப் பேசத்தான் ஆளில்லை.