ரைட்டரிடம் சொன்ன லீவு

காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து வக்கீலின் போன் வந்தது. "ஆர்டர் வந்துருச்சும்மா, வாட்ஸப்ல அனுப்பியிருக்கேன். உங்களுக்கு..." என்றார். அதற்குள் சிக்னல் போய்விட்டது. எங்கள் மலையில் சிக்னல் எப்போது போகக் கூடாதோ அப்போதுதான் போகும். உங்களுக்கு என்ன? ஜெயித்ததா, தோற்றதா? இடுப்பில் கட்டியிருந்த பழப்பையை அவிழ்த்துப் பக்கத்து நிரையில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, மேஸ்திரி கூப்பிடக் கூப்பிட ஸ்கூட்டியை எடுத்தேன். அன்று வெள்ளக்கடையிலிருந்து, சிக்னல் கிடைக்கும் ஒண்டிக்கடைக்கு நான் ஓட்டிய வேகத்தை என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கி வைத்திருப்பார்.

விஷயம் இதுதான். அவர் பத்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். லீவு முடிந்தும் இரண்டரை மாதம் திரும்பாமல் இருந்ததற்காக, ஒழுங்கீனம் என்று டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். உண்மையில் அதற்குக் காரணம் நான்.

அவர் லீவில் வந்திருந்தபோது என் மாமனார் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவர் கூடவே இருந்தார். "யூனிட்டுக்குத் தந்தி குடுத்துரு புள்ள, லீவு நீட்டிக் கேளு" என்று முகவரிச் சீட்டைக் கையில் கொடுத்தார். நான் தபால் ஆபீசுக்குப் போகவில்லை. நேராக, எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போனேன்.

எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் வேறு எங்கே போவாள்? லீவோ, பிரசவமோ, சாவோ, ரேஷன் கார்டோ, எதுவானாலும் ரைட்டரிடம் சொல்வோம். அவர் நோட்டில் எழுதிவிட்டால் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும். பட்டாளமும் ஒரு பெரிய எஸ்டேட்தானே என்று நினைத்தேன். ரைட்டரும் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். "சொல்லிப்போட்டேனுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவரும் நம்பினார்.

அவர் பட்டாளத்துக்குத் திரும்பிப் போனபோது அங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உடனே எனக்குப் போன் செய்தார். "தந்தியை எப்பக் குடுத்தே?"

"தந்தி எதுக்குங்க? ரைட்டருகிட்டச் சொல்லிட்டனே!"

"சரி, வெச்சுரு" என்றார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மனசுக்குள் என்னைக் கரித்துக் கொட்டுகிறாரோ என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் கிளியூர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்கு முன்னாள் ராணுவத்தினரை அழைத்தார்கள். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இவரைக் கூப்பிட வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதுமே இவர் காப்பிச் செடிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டார். ஆறடி மனுஷன்! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சுபேதாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "டிஸ்மிஸ்ஸை, மரியாதையோட அனுப்பி வெச்ச டிஸ்சார்ஜா மாத்தச் சொல்லி மனுப் போடலாமுங்க. அதுக்குன்னு சென்னையில தீர்ப்பாயம் இருக்குது. ஆனா ஆதாரம் வேணும்" என்றார்.

ஆதாரம்தானே! எஸ்டேட் ஆபீஸ் பரணில் ஏறினேன். இப்போதைய ரைட்டருக்கு எல்லாமே கம்ப்யூட்டர்தான். "பழைய நோட்டெல்லாம் எலிக்குத்தானுங்க" என்று சிரித்தார். மூன்று நாள் தும்மிக்கொண்டே தேடினேன். கிடைத்தது! தேதி போட்டு, ஊதா மசியில்: ‘பட்டாளத்து ஆள் லீவு நீட்டிப்பு. அப்பா ஆஸ்பத்திரி. சம்சாரம் நேரில் வந்து சொன்னது.’ பரணில் இருந்தபடியே கத்திவிட்டேன். அதைப் பார்த்த வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். தப்பு என்னுடையது என்று நான் தனியாக ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அதை இவரிடம் சொல்லவில்லை. இவரோ, நீட்டிய மனுவில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஒண்டிக்கடையில் பிரிண்ட் எடுக்கும் கடைக்குள் ஓடினேன். "கண்ணு, கடைசிப் பக்கத்தை மொதல்ல படி சாமி!"

கடைப் பெண் வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "டிஸ்மிஸ்ஸை ரத்துப் பண்ணி டிஸ்சார்ஜா மாத்தியிருக்காங்கக்கா!"

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆதார் நகல் எடுக்க வந்து நின்ற இரண்டு பேரிடமும் சொன்னேன். யார் என்ன என்று தெரியாமலே அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். இனி எந்தக் கொடிமரத்தடியிலும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நிற்கலாம்.

"மீதியும் படி கண்ணு" என்றேன். டிஸ்மிஸ் செய்வதற்கு முன் பட்டாளத்தில் நடந்த விசாரணையில் அவர் சொன்னது நடுப்பக்கத்தில் இருந்தது. தகவல் கொடுக்கும்படி வீட்டில் யாரிடமாவது சொன்னாயா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "யாருகிட்டயும் சொல்லலை, நானேதான் மறந்துட்டேன்னு பதில் சொல்லியிருக்காருக்கா" என்றாள்.

போனில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

வீட்டு வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியை நிறுத்துவதற்கு முன்பே "டிஸ்சார்ஜுங்க! டிஸ்சார்ஜு!" என்று கூவினேன். தாளை வாங்கிக் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"மறந்துட்டேன்னு ஏனுங்க பொய் சொன்னீங்க?"

"பின்னே? தந்தி குடுக்கச் சொன்னா எம்பொண்டாட்டி எஸ்டேட் ரைட்டருகிட்டப் போயிச் சொன்னாள்னு சொல்லச் சொல்றியா? அத்தனை பேரும் உன்னைய நெனச்சுச் சிரிச்சிருப்பாங்க. அதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

சொல்லிக்கொண்டே நடுப்பக்கத்தைப் புரட்டினார். என் வாக்குமூலம் கண்ணில் பட்டுவிட்டது. முகம் மாறியது. "அட, இதை எதுக்குப் புள்ள எழுதிக் குடுத்தே? இப்ப நாடே படிக்குமே!"

"படிக்கட்டுமுங்க. சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்" என்றேன். அழுகையில் எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை.

அவர் இன்னொரு தடவை அதைப் படித்தார். "ரைட்டருகிட்டச் சொன்னாளாமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, மிளகுச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.