கூடையைத் தூக்கிவிட்டவன்

அன்று மத்தியானம் எங்கள் வக்கீல் ஐயா ஒரு மீன்காரியைக் கொலைக்கு உடந்தை என்று எழுதி முடிக்க இருந்தார். நான் ரூமைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அது சிதம்பரம் ஆபீஸ். சுனாமிக்குப் பிறகு அங்கே பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்பு கடலூரில் தலைச்சுமையாக மீன் விற்றவள். படிப்பு அஞ்சாம் கிளாஸ். ஆபீசில் கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான்.

நான் பிறப்பதற்கு முன்பே நடந்த கொலை அது. செத்தவர் ஒரு ஜவுளி வியாபாரி; அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தது. கொன்றவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மறுநாள் வக்கீல்கள் கூட்டத்தில் ஐயா அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் அன்று போலீசில் கொடுத்த ஸ்டேட்மெண்டை ஐயாவின் ஜூனியர் வக்கீல் அம்மா படித்தார். காலையில் அலறல் கேட்டு அந்த எதிர்வீட்டுக்காரர் தன் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். வியாபாரி வீட்டு வாசலில், தரையில் மீன் கூடை. பக்கத்தில் ஒரு பொம்பளை. இறங்கி வருவதற்குள் அவள் கூடையைச் சுமந்து தெருமுனையில் போய்க்கொண்டிருந்தாள். நல்ல பாரம். வழியெல்லாம் மீன் தண்ணீர் சொட்டிக் கிடந்தது. தெருவில் வேறு ஆள் இல்லை.

அந்தப் பொம்பளையைப் போலீஸ் கண்டுபிடிக்கவே இல்லை.

"அலறல் கேட்டும் கத்தாம அவ கூடையைத் தூக்கினு போறான்னா இன்னா அர்த்தம்? கொலையில அவளும் கூட்டு. அப்டியே டைப் பண்ணும்மா," என்றார் ஐயா.

என் கை நின்றுவிட்டது. "ஐயா, அந்தக் கூடைய யாரு தூக்கிவுட்டது?" என்று கேட்டுவிட்டேன்.

"அவளேதான் தூக்கியிருப்பா."

"ரொம்புன கூடைய எவளும் தனியா தலையில ஏத்த முடியாதுங்க. வழியில போறவங்கள ஒரு கை புடிக்கச் சொல்லுவோம்."

"சார், ஆயாவே வாதாடுது. இனிமே நமக்குக் கேஸ் வராது," என்று ஜூனியர் அம்மா சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தேன். மூலையில் பழைய புத்தகம் நிறைந்த கூடை இருந்தது. "ஐயா, ஒரு கை புடிங்க."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். கூடை தலையில் உட்காரும்போது அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"தெருவுல ஆள் இல்லன்னா, தூக்கிவுட்டவன் அந்த வீட்டுக்குள்ளேருந்துதான் வந்திருக்கணும். இவ்ளோ கிட்டத்துல இவ மூஞ்சிய பாத்துட்டான். நாளைக்கும் இவ தெருத்தெருவா வித்தாவணும். எப்டிங்க கத்துவா?"

ஐயா கூடையை இறக்கிவிட்டார். "இதுவும் ஊகந்தான். ஆனா நான் சொன்னது மட்டும் இன்னா? அந்த வரிய அடிச்சிடும்மா. அவள சாட்சின்னு போடு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் பேரப் போட்டே வாசிக்கறேன்."

"ஐயோ, பேரெல்லாம் வேணாங்க!"

ஐயா சிரிக்கவில்லை. "அவளும் இதத்தாம்மா சொல்லியிருப்பா," என்றார்.

மறுநாள் 'மீன் விற்ற ஓர் அம்மா சொன்னது' என்றுதான் வாசித்தாராம்.

வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கை செய்த வேலையைப் பற்றிப் பெரியவர்கள் தப்பாகப் பேசினால் வாயைத் திறந்துவிடுங்கள். பேரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதை வேண்டுமானால் விட்டுவிடலாம்.