சாய்வாக வெட்டிய ரப்பர்

ராயபுரத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் நான். படிப்பு நாலாவதோடு சரி. அந்தக் கையால்தான் தகரக் கூரை போட்டேன், கரண்ட் ஒயர் இழுத்தேன், செத்துப்போன டிவிகளை வாங்கி உயிர் கொடுத்தேன், எங்கள் பக்கத்திலேயே முதல் வீடியோ கேம் கடையைத் திறந்தேன். காற்றில் கூரை பறந்தபோது நானேதான் ஏறிப் போட்டேன். பொம்மைக்கடை வைத்திருக்கிறான் என்று சிரித்தவர்களின் பிள்ளைகளே பிறகு என் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று செய்தேன். அது யாருக்கும் தெரியாது.

கேம் பெட்டியில் கழற்றி மாட்டுகிற ஜாய்ஸ்டிக்கின் தோளில், ஆள்காட்டி விரல் படும் இடத்தில், பட்டன்கள் இருக்கும். முதலில் கெட்டுப்போவது அவைதான். மீன்பிடிக்கிற பசங்கள் வலை இழுத்த கையோடு நேராக வந்து உட்கார்வார்கள். உப்பும் செதிலும் இடுக்கில் இறங்கி, உள்ளே இருக்கும் ரப்பர் தொய்ந்துவிடும். சண்டை கேமில் அடியைத் தடுக்கிற பட்டன் அது. அது வேலை செய்யாவிட்டால் தோற்றவன் எதிராளியை விட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவான். புதுசு வாங்கு என்றார்கள் மெக்கானிக்குகள். நான் மீன்பிடி லாஞ்ச் எஞ்சினின் பழைய ரப்பர் டீசல் குழாயில் சின்னத் துண்டு வெட்டி, பட்டனுக்கும் அந்த ரப்பருக்கும் நடுவில் வைத்தேன். மட்டமாக வெட்டினால் சிக்கிக்கொள்ளும். விரல் சாய்ந்து வருகிறது, அதனால் துண்டும் சாய்வாக இருக்க வேண்டும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு பட்டன் லொடலொடவென்று ஆடாது. மெத்தென்று இறங்கி மெத்தென்று எழும்பும்.

யாரும் திறந்து பார்க்கக் கூடாதென்று ஸ்க்ரூ மேல் என் மனைவியின் நகப்பாலிஷைத் தடவி வைத்தேன். ஒருநாள் பார்த்தால் ஒரு ஜாய்ஸ்டிக்கில் பாலிஷைச் சுரண்டி, மேலே புதிதாகப் பூசியிருந்தது. அடுத்த வாரம் இன்னொன்றில். என்னோடு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. பசங்கள் சுரண்டியிருப்பார்கள் என்றான், என் முகத்தைப் பார்க்காமல். சுரண்டுகிறவன் திரும்பப் பாலிஷ் பூசிவிட்டா போவான்?

அன்றிலிருந்து அவன்மேல் ஒரு கண் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளியைப் பார்க்கத் திருவொற்றியூர் போகிறேன் என்பான். திரும்பி வந்து தட்டில் கை வைக்கும்போது டீசல் வாடை அடிக்கும். அவனுக்கு லாஞ்சில் என்ன வேலை?

நானும் திருவொற்றியூர் போனேன். அங்கே ஒரு கேம் கடையில், என்னை யாருக்கும் தெரியாது, உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தேன். தோள் பட்டனை அழுத்தினேன். மெத்தென்று இறங்கியது. யார் சரி செய்தது என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"ராயபுரத்து ஆளு ஒர்த்தரு. சின்ன வயசுதான், ஆனா மூளைக்காரரு. ரப்பர சாய்ச்சு வெக்கணும்னு அவரே கண்டுபுட்ச்சாராம்."

அன்று சாயங்காலமே மச்சானைக் கேட்டேன். அவன் மழுப்பவில்லை.

"இன்னா மாமா, ஒரு துண்டு ரப்பருக்கு இம்மாம் பேஜாரா?"

"ரப்பர் கெடக்குது. யாரு கண்டுபுட்ச்சதுன்னு கேட்டா, இன்னா சொன்ன?"

"உன் பேர சொன்னா உன்னதான் கூப்புடுவாங்க. நான் கடைசி வரிக்கும் உன் கடையிலயே குந்திகினு இருக்கணுமா?"

அடுத்த மாதமே பிரிந்து போனான். இன்று மணலியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான், நன்றாகவே ஓடுகிறது. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் அவனை முன்வரிசையில் உட்கார வைத்து, அந்தப் பட்டன் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். அவனும் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்கிறான். என் மனைவி வெற்றிலையைப் பார்த்தபடி இருக்கிறாள். அவளுக்கும் முன்பே தெரியுமோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அந்தப் பாலிஷ் புட்டி அவளுடையது.

தொழிலை அவன் வைத்துக்கொள்ளட்டும், நான் கேட்கவில்லை. அவன் கடைப் பலகையில், அவன் பெயருக்கு மேலே, இந்தப் பட்டன் வேலையைக் கண்டுபிடித்தவன் நான் என்று எழுத வேண்டும். பெயிண்டரை நானே கூட்டி வருகிறேன்.